கலப்பு நூலுக்கும் கணக்கில் ஒரு வரி வேண்டும்

ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் செயலர் அவர்களுக்கும், செயற்கை இழை மற்றும் தொழில்நுட்ப ஜவுளி ஏற்றுமதி ஊக்குவிப்பு மன்றமான மேட்டெக்சில் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

மாதாமாதம் வணிக அமைச்சகம் வெளியிடும் ஏற்றுமதிக் கணக்கில் ஜவுளிக்குச் சில வரிகள், அதாவது அட்டவணை வரிசைகள், இருக்கின்றன. பருத்தி நூல், துணி, தயாரிப்புகள் என்று ஒரு வரி. செயற்கை இழை நூல், துணி, தயாரிப்புகள் என்று ஒரு வரி. ஆயத்த ஆடைக்கு ஒன்று, சணலுக்கு ஒன்று, கம்பளத்துக்கு ஒன்று. பள்ளிபாளையத்தில் இருந்துகொண்டு ஏற்றுமதியாளர்களுக்கு நூலும் கிரே துணியும் (சாயமேற்றாத துணி) பிடித்துக் கொடுப்பது என் தொழில். என் கைவழியாகப் போகும் சரக்கில் பெரும்பங்கு பி.சி., பி.வி., சி.வி.சி. அதாவது பாலியஸ்டர்-பருத்தி, பாலியஸ்டர்-விஸ்கோஸ் (மரக்கூழில் இருந்து எடுக்கும் இழை), பருத்தி தூக்கலான கலவை. இந்தச் சரக்கு உங்கள் அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் பாதி பருத்தி வரியிலும் பாதி செயற்கை இழை வரியிலும் கரைந்திருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். எந்தப் பாதி எவ்வளவு என்று அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

இது கணக்குப்பிள்ளை கவலையாகத் தோன்றலாம். கலப்புச் சரக்கின் ஏற்றுமதி எங்கே போகிறது, ஏன் போகிறது என்று தெரியாமலேயே ஐந்து ஆண்டுகளாகத் திட்டங்கள் தீட்டப்பட்டு வருகின்றன என்பதுதான் என் குறை. அதை விளக்கத்தான் இந்த மடல்.

முதலில் போக்கைப் பார்ப்போம். செயற்கை இழை நூல், துணி, தயாரிப்புகள் என்ற வரியில் 2021-22ல் ஏறத்தாழ 560 கோடி டாலர் ஏற்றுமதி நடந்தது. அடுத்த ஆண்டு அது 500 கோடிக்குக் கீழே வந்தது. 2023-24ல் 470 கோடி அளவுக்கு இறங்கியது. 2024-25ல் சற்றே நிமிர்ந்து 490 கோடியை நெருங்கியது. பருத்தி வரியோ 2021-22ல் 1,500 கோடி டாலரைத் தாண்டி, மறு ஆண்டே 1,100 கோடிக்குச் சரிந்தது. இரண்டு வரியையும் சேர்த்துப் பார்ப்பவர், கொரோனாவுக்குப் பின் வந்த அலை அடங்கியது, ஐரோப்பாவில் வாங்குவோர் கையைச் சுருக்கினார்கள், இரண்டும் ஒன்றாக விழுந்தன என்று முடிவு கட்டிவிடுவார். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் இங்கே நடந்த பெரிய மாற்றம் அந்த இரண்டு வரிகளிலும் தெரியாது.

2022 கோடையில் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அப்போது திண்டுக்கல், ராஜபாளையம், கோவைப் பக்கத்து மில்கள் பல, சுத்தப் பருத்தியை ஓட்டிக் கையைச் சுட்டுக்கொள்வதைவிடக் கலவை ஓட்டலாம் என்று ஸ்பிண்டில்களைத் திருப்பின. 40ஆம் நம்பர் கோம்பு நூல் (சீவிச் சுத்தமாக்கிய பருத்தி நூல்) கேட்ட வாங்குவோரிடம் ‘அறுபது பருத்தி, நாற்பது பாலியஸ்டர் என்று 60:40 எடுத்துக்கொள்ளுங்கள், விலை கட்டுப்படியாகும்’ என்று பேசிச் சம்மதிக்க வைத்தோம். பஞ்சு விலை இறங்கிய பிறகும் அப்படித் திரும்பிய எல்லாரும் பழையபடி திரும்பி வரவில்லை. சுருங்காத துணி, சீக்கிரம் காயும் துணி, இஸ்திரி அதிகம் கேட்காத துணி என்று வாங்குவோருக்கும் பழகிவிட்டது. இந்த நகர்வின் அளவு என்ன? பருத்தி ஏற்றுமதி விழுந்ததில் எத்தனை பங்கு கலவைக்கு மாறியது, எத்தனை பங்கு வியாட்நாமுக்கோ சீனாவுக்கோ போனது? இதற்கு விடை தரும் பொதுக் கணக்கு ஒன்றும் இல்லை.

தரவே இல்லையென்றால் பேச்சை விட்டுவிடலாம். தரவு இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள வணிகப் புலனாய்வு மற்றும் புள்ளியியல் தலைமை இயக்ககத்தில் ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமான ஷிப்பிங் பில் ஒவ்வொன்றும் எட்டு இலக்கச் சுங்கக் குறியீட்டோடு பதிவாகிறது. அதன் முதல் நான்கு இலக்கம் சரக்கின் தலைப்பு. 85 விழுக்காட்டுக்குக் குறைவான பருத்தி கொண்ட நூல் 5206. அதே தன்மையுள்ள, செயற்கை இழையோடு கலந்த துணி 5210, 5211. செயற்கைக் குறு இழை (ஸ்டேபிள்) நூல் 5509. அதற்குள்ளேயே விஸ்கோஸ் கலந்ததற்கும் பருத்தி கலந்ததற்கும் தனித்தனி உட்பிரிவு. பாலியஸ்டர்-பருத்தித் துணி சதுர மீட்டருக்கு 170 கிராம் வரை 5513, அதற்கு மேல் 5514. ராஜஸ்தானின் பில்வாராவில் நெய்யப்படும் பாலியஸ்டர்-விஸ்கோஸ் சூட்டிங் 5515. இவற்றையெல்லாம் ஒரு மேசையில் வைத்துக் கூட்டினால் கலப்பு ஜவுளியின் வரைபடம் கிடைத்துவிடும். புதிதாகக் கணக்கெடுப்பு வேண்டாம், குழு வேண்டாம். இருக்கிற எண்களை வேறு விதமாகக் கூட்டினால் போதும்.

ஆடை விஷயத்தில்தான் சிக்கல் கூடுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் இங்கேதான் கசிகிறது. உலகச் சுங்க விதிப்படி கலப்புத் துணியை எடையில் எது மிகுதியோ அதன் பெயரில்தான் வகைப்படுத்த வேண்டும். சரிபாதியாக இருந்தால், எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு. ஆக 52:48 என்று பருத்தி முந்தினால் அது பருத்தி. 50:50 என்றால் செயற்கை இழை. டீ-ஷர்ட்டுக்கு முன்னது 6109.10, பின்னது 6109.90. காகிதத்தில் இது ஓர் இலக்க வித்தியாசம். அமெரிக்கத் துறைமுகத்தில் பருத்தி டீ-ஷர்ட்டுக்கு அடிப்படை வரி 16.5 விழுக்காடு, செயற்கை இழை டீ-ஷர்ட்டுக்கு 32 விழுக்காடு. இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. 52:48, 60:40 என்ற விகிதங்கள் அமெரிக்க ஆர்டர்களில் அடிக்கடி வருவதற்கு உடுத்துகிறவரின் சுகம் மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன். வரிதான் அந்த நூலை நூற்கிறது.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்கின்மேல் அமெரிக்கக் கூடுதல் வரி 50 விழுக்காடு ஆனபோது எல்லாரும் அந்த ஐம்பதைப் பற்றியே பேசினோம். அதைக் குறை சொல்லவில்லை. திருப்பூரில் பல தையல் கூடங்கள் அப்போது மூச்சுத் திணறின. ஆனால் அரசியல் வரி ஏறும், இறங்கும். அடிப்படை வரியில் 16.5க்கும் 32க்கும் நடுவே இருக்கும் பள்ளம் நெடுங்காலமாக அங்கேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பள்ளம் கிடையாது: பருத்தியானாலும் பாலியஸ்டரானாலும் டீ-ஷர்ட்டுக்கு 12 விழுக்காடுதான். பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இரண்டையும் சுழியத்துக்குக் கொண்டுவருகிறது. அதாவது அமெரிக்காவுக்குப் பருத்தி தூக்கலான கலவை, பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் பாலியஸ்டர் தூக்கலான விளையாட்டு உடை, குளிர்கால உடை என்று ஒரே மில் இரண்டு விகிதம் ஓட்டலாம். இந்தக் கணக்கை ஒரு பெரிய ஏற்றுமதியாளரின் அலுவலகம் தானே போட்டுக்கொள்ளும். நாற்பது மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் உரிமையாளருக்கு யார் போட்டுத் தருவது? மன்றத்தின் வேலை இதுவென்று நான் நினைக்கிறேன். கண்காட்சிகளுக்கு ஸ்டால் பிடித்துத் தருவதைவிட இது பயன்படும்.

இதே இடத்தில் இன்னொரு பொறி உண்டு. ஐரோப்பிய லேபிள் விதியில் இழை விகிதத்துக்கு 3 விழுக்காடு தயாரிப்பு வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. 52 என்று அச்சடித்து 50 வந்தாலும் லேபிள் தப்பித்துவிடும். சுங்க வகைப்பாட்டு விதியில் அப்படி ஒரு தளர்வு எழுதப்படவில்லை. நூற்பதற்கு முந்தைய டிராயிங் கட்டத்தில் பருத்தி ஸ்லைவரும் பாலியஸ்டர் ஸ்லைவரும் (முறுக்காத இழைக் கயிறு) சேரும்போது ஒரு ஸ்லைவரின் கனம் கொஞ்சம் விலகினால் போதும், விகிதம் நகரும். போதாததற்குப் பருத்தி ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் பிடிக்காது. மழைக்காலத்தில் எடை போட்டதும் சூளையில் உலர்த்தி எடை போட்டதும் ஒரே விகிதத்தைக் காட்டாது. இங்கே 52 என்று வந்த ஆய்வறிக்கை அங்கே 49.5 என்று திரும்பினால், சரக்கின் பெயரே மாறி அமெரிக்க வரி ஏறக்குறைய இரட்டிப்பாகும். வாங்கியவர் அதை யார் தலையில் கட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஏற்றுமதியாளர் இப்படி ஒரு கன்டெய்னரில் அடிபட்ட பிறகு, 52:48 நூலே வேண்டாம், 60:40க்குக் கீழே தொடமாட்டேன் என்று இருக்கிறார். டெக்ஸ்டைல்ஸ் கமிட்டியின் ஆய்வகங்கள் நம் ஊர்ப்பக்கம் இருக்கின்றன. ஏற்றுமதிக் கலவைக்கு எந்த முறையில், எந்த ஈர நிலையில் எடை போட வேண்டும் என்று ஒரே நடைமுறையை எழுதி, அதைத் தமிழிலும் அச்சிட்டு மில்களுக்குக் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும்.

இனி, ஊக்கத்தொகைத் திட்டம். 2021 செப்டம்பரில் 10,683 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத் திட்டம் 40 வகைச் செயற்கை இழை ஆடைகள், 14 வகைச் செயற்கை இழைத் துணிகள், 10 வகைத் தொழில்நுட்ப ஜவுளிகள் என்று பட்டியல் போட்டது. நோக்கம் சரி. உலகில் தயாராகும் இழையில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர், பருத்தி கால் பங்குக்கும் குறைவு. நாம் இன்னும் பருத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோடைக்கால ஆர்டரை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆனால் பட்டியல் குறியீட்டை வைத்து எழுதப்பட்டது. 48 விழுக்காடு பாலியஸ்டர் உள்ள துணி, விதிப்படி பருத்தி. எனவே திட்டத்துக்கு வெளியே. 51 விழுக்காடு என்றால் உள்ளே. மூன்று விழுக்காட்டில் ஒரு தொழில் ஊக்கத்துக்கு உரியதாகவும் உரியதல்லாததாகவும் மாறுகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லி அமெரிக்க வரி தள்ளுகிறது, அந்தப் பக்கம் வரச் சொல்லி நம் திட்டம் இழுக்கிறது. நடுவில் நிற்பவர் எந்தப் பக்கம் போவார்? ஆர்டர் இருக்கும் பக்கம்தான்.

முதலீட்டு வரம்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முதலில் 300 கோடி, 100 கோடி என்று இரண்டு படி. 2025 அக்டோபரில் அதைப் பாதியாக்கி 150, 50 என்றீர்கள். நன்றி. ஆனால் குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் தறி வைத்திருப்பவருக்கு ஐம்பது கோடியும் முந்நூறு கோடியும் ஒன்றுதான்: இரண்டுமே எட்டாது. பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஒரே இடத்தில் போடும் முதலீட்டை ஒரே விண்ணப்பமாக ஏற்க வழி செய்யுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். செயற்கை இழைக்கு 18, அதன் நூலுக்கு 12, துணிக்கு 5 விழுக்காடு என்று தலைகீழாக நின்ற ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் மூன்றுக்கும் 5 என்று நேரானது. ரீஃபண்டுக்காகக் காத்திருந்த பணம் கைக்கு வந்தால்தான் தறி ஓடும் என்ற நிலையில் இருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பி.சி., பி.வி. நூல் வாங்குபவருக்குப் பருத்தி நூல் வாங்குபவரைவிட அதிகப் பணம் வரியில் முடங்கும் நிலை போனது. இவ்வளவு எளிய ஒரு திருத்தத்துக்கு எட்டு ஆண்டுகள் ஏன் ஆயின என்று கேட்காமல் விடுகிறேன்.

தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் கதையை அப்படிக் கேட்காமல் விட முடியாது, அதில் படிக்கப் பாடம் இருக்கிறது. விஸ்கோஸ் இழைக்கு 2023 மார்ச்சிலும், தொடர்ந்து பாலியஸ்டர் இழைக்கும் நூலுக்கும் இந்தியத் தர நிர்ணயச் சான்று கட்டாயமானது. பெயர் தரக் கட்டுப்பாடு. நடைமுறையில் வெளிநாட்டு ஆலைகளுக்குச் சான்று எளிதில் கிடைக்காததால் இறக்குமதி இறுகியது. விஸ்கோஸ் இழைக்கு உள்நாட்டில் ஒரே பெரிய உற்பத்தியாளர். அவர் சொல்வதுதான் விலை என்றானது. ஈரோடு, பள்ளிபாளையம் தறிகள் ரேயானை, அதாவது விஸ்கோஸ் நூலை, நம்பியவை. நூல் விலை வாரத்துக்கு ஒருமுறை மாறுவதும், துணி விலை அதற்கு ஈடு கொடுக்காததும், தறிக்காரர்கள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டன. 2025 நவம்பரில் இந்த ஆணைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அந்த இரண்டரை ஆண்டில் பி.வி. நூல், பி.வி. துணி ஏற்றுமதியில் எவ்வளவு இழந்தோம்? செயற்கை இழை ஏற்றுமதி மொத்தமாக இறங்கியது தெரியும். அந்த இறக்கத்தில் சூரத்தின் இழைத் துணிக்கு எவ்வளவு, பில்வாரா சூட்டிங்குக்கு எவ்வளவு, எங்கள் ரேயான் கலவைக்கு எவ்வளவு? கணக்கு பிரித்து வைக்கப்பட்டிருந்தால் ஆறே மாதத்தில் சேதம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், ஆணையும் முன்னதாகவே விலகியிருக்கும். இனி இப்படி ஓர் ஆணை போடுவதற்கு முன்பு எந்தக் கலவை எவ்வளவு அடிபடும் என்று அமைச்சகம் பார்த்துக்கொள்ளவாவது அந்த அட்டவணை தேவை.

நூலாகவே போய்க்கொண்டிருப்பது இன்னொரு வருத்தம். துருக்கிக்கும் பிரேசிலுக்கும் வங்கதேசத்துக்கும் கோன் கோனாக அனுப்புகிறோம். அவர்கள் நெய்து, பின்னி, சாயமேற்றி விற்கிறார்கள். வங்கதேசம் 2025 ஏப்ரலில் தரைவழித் துறைமுகங்கள் மூலம் நூல் வருவதை நிறுத்தியபோது, ஓர் அண்டை நாட்டின் ஒரு சுற்றறிக்கையில் நம் மில்கள் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பது புரிந்தது. துணியாக, ஆடையாக அனுப்பத் தடையாக இருப்பது தறியோ தையலோ இல்லை. சாயப்பட்டறைதான்.

பருத்தியை ரியாக்டிவ் சாயத்தில் 60 டிகிரியில் நனைக்கலாம். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயமும், அழுத்தம் தாங்கும் மெஷினில் 130 டிகிரி வெப்பமும் வேண்டும். பி.சி. துணிக்கு இரண்டும், ஒன்றன்பின் ஒன்றாக. நேரம் கூடும், நீராவி கூடும், இரண்டு நிறமும் பொருந்தாவிட்டால் துணி திரும்பி வரும். திருப்பூர்ப் பட்டறைகள் பெரும்பாலும் பருத்திக்காக அமைந்தவை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டு, சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகுதான் திறந்தன. அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டு நிற்பவர்களிடம் போய், 130 டிகிரி மெஷினும் வாங்குங்கள் என்று வெறுங்கையோடு சொல்ல முடியாது.

ஆனால் இங்கே யாரும் அதிகம் பேசாத ஒரு சாதகம் உண்டு. அடர் நிறம் ஏற்றப் பருத்திக்கு ஒரு லிட்டர் நீரில் 50 கிராமுக்கு மேலும் உப்பு போடுவார்கள். அந்த உப்பைத் திரும்பப் பிரிப்பதுதான் ஆர்.ஓ.விலும் ஆவியாக்கியிலும் மின்கட்டணத்தைத் தின்கிறது. பாலியஸ்டருக்கு அந்த உப்பு வேண்டாம். கலவையில் பாலியஸ்டர் பங்கு கூடக்கூட நொய்யலின் எதிரியான உப்புச் சுமை குறையும். பாலியஸ்டர் புனிதம் என்று சொல்ல வரவில்லை. வெப்பத்துக்கு விறகோ நிலக்கரியோ எரிக்கத்தான் வேண்டும், துவைக்கும்போது நுண்ணிழை நீரில் கலக்கத்தான் செய்யும். இருந்தாலும் நொய்யல் படுகையில் உப்புக் கணக்குப் பார்த்துக் கலப்புச் சாயத்துக்கு மானியம் தரலாமா என்று அமைச்சகமும் மாநில அரசும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்க இது போதுமான காரணம். விருதுநகரில் வரும் ஒன்றிய அரசின் ஜவுளிப் பூங்காவான பி.எம். மித்ரா பூங்காவில் கலப்புத் துணிக்கென்றே பொதுச் சாய வசதி அமைப்பதும் அதே யோசனையின் இன்னொரு முனை. ஈரோட்டுக்காரருக்கு அது தூரம்தான். ஒன்றுமில்லாததற்கு அது தேவலை.

கடைசியாக, ஓபன் எண்ட் முறையில் நூற்கும் ஓ.இ. மில்கள். திருப்பூர்க் கட்டிங் வேஸ்டை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, பழைய பிளாஸ்டிக் பெட் பாட்டிலில் இருந்து வந்த பாலியஸ்டர் இழையோடு கலந்து நூற்கிறார்கள். துணியிலேயே நிறம் இருப்பதால் மறுபடி சாயம் ஏற்ற வேண்டியதில்லை. அந்த நூல் கையுறை, சமையலறைத் துண்டு, மிதியடி, கரூர் வீட்டு ஜவுளி என்று கடல் தாண்டுகிறது. மறுசுழற்சி பற்றி ஐரோப்பா இப்போது சட்டம் மேல் சட்டமாகப் போடுகிறது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சூழல் வடிவமைப்பு விதி, பொருளின் பூர்வீகத்தைச் சொல்லும் டிஜிட்டல் கடவுச்சீட்டு வரை போகிறது. பருத்தியும் பாலியஸ்டரும் பின்னிக் கிடக்கும் துணியைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் கலவைமேல் அங்கே சந்தேகப் பார்வை வளர்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு நாம் தரக்கூடிய பதில் உடுமலைப் பக்கத்திலும் சோமனூர்ப் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்றுமதிக் குறியீட்டில் மறுசுழற்சி நூலுக்குத் தனி எண் கிடையாது. புது நூலோடு அதுவும் 5206லோ 5509லோ விழுகிறது. தேசிய அளவில் ஒரு கூடுதல் உட்பிரிவு ஏற்படுத்த நம் நாட்டுக்கே அதிகாரம் உண்டு. எட்டு இலக்கத்தில் கடைசி இரண்டும் நம்முடையவை.

ஆகவே நான் கேட்பது: மேலே சொன்ன கலப்புக் குறியீடுகளை ஒன்றாகத் தொகுத்து, நூல், துணி, ஆடை என்று பிரித்து, போகும் நாடு வாரியாக மாதந்தோறும் ஒரு பக்கம் வெளியிடுங்கள். ஆடைக்குக் குறியீடு மட்டும் போதாது, ஷிப்பிங் பில்லில் இழை விகிதத்தை எழுத ஒரு கட்டம் சேர்க்க வேண்டியிருக்கும். சுங்கத் துறையோடு பேசுங்கள். 2021-22 தொடங்கி உள்ள பழைய மாதங்களையும் நூல், துணி அளவிலாவது பின்னோக்கித் தொகுத்துக் கொடுங்கள். ஊக்கத் திட்டத்தின் அடுத்த திருத்தத்தில் 30 விழுக்காடு செயற்கை இழையுள்ள எந்தக் கலவையையும், எந்தத் தலைப்பில் வகைப்பட்டாலும், உள்ளே எடுங்கள். மன்றம் தன் உறுப்பினர் கூட்டத்தை மும்பையில் நடத்துவதோடு ஈரோட்டிலும் ஒருமுறை நடத்தட்டும். மண்டபம் பிடித்துத் தருகிற பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
கலப்பு நூல், கிரே துணி வியாபாரத்தில் உள்ள ஒருவன்
பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம்